மயிலிட்டியிலிருந்து வந்த பெப்தைட்

குடுவையின் அடியில் வெள்ளை வெளேரென்று படிந்திருந்த தூளைப் பார்த்து நாங்கள் இருவரும் கைதட்டியது இன்றும் கண்ணில் நிற்கிறது. எழுபதுகளின் பிற்பகுதி. யாழ்ப்பாண வளாகத்தின் இரசாயன ஆய்வுகூடத்தில் நானும் அக்காவும் உதவி விரிவுரையாளர்கள். சொந்த அக்கா இல்லை. என்னைவிடச் சற்று மூத்தவர், மயிலிட்டிக் கடற்றொழிலாளி ஒருவரின் மகள். இரண்டு அமினோ அமிலங்களைக் கோத்துச் சிறு பெப்தைட் ஒன்று செய்வது, கோக்கும் இடத்தில் ஒரு மாற்றத்தை வைத்துக் குடலின் நொதியம் அதை வெட்ட முடியாமல் ஆக்குவது, இதுதான் அவருடைய முதுமாணி ஆய்வு. உடம்புக்குள் போனதும் சிதையாத மருந்துக்கு அதுதான் வழி என்பார்.

கோக்கும்போது வேண்டாத வெள்ளைக் கழிவொன்றும் உண்டாகும். அதை வடித்தெறிந்தாயிற்று, இனிப் படிவது எங்களுக்கு வேண்டிய சரக்குத்தான் என்று நம்பினோம். மிஞ்சிய திரவத்தை அக்கா தன் கையாலேயே கழுவுதொட்டியில் ஊற்றிவிட்டார். கன்ரீனில் எல்லோருக்கும் றோல்சும் தேத்தண்ணியும் எங்கள் செலவுதான். மறுநாள் உருகுநிலை பார்த்தால், உருக வேண்டிய வெப்பம் கடந்தும் அந்தத் தூள் பிள்ளையார் மாதிரி அசையாமல் இருந்தது. அதுவும் கழிவு! சரக்கு முழுவதும் தொட்டிக்குள் போய்விட்டது. வெளிநாட்டிலிருந்து வந்த அமினோ அமிலப் போத்தலும் காலி. எனக்கு அழுகை முட்டியது. அக்கா தன்பாட்டில் குடுவையைக் கழுவிக்கொண்டிருந்தார். அது எனக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

துறைத் தலைவர் கெட்டவரல்லர்.

"பிள்ளை, அடுத்த போத்தல் வர ஒரு வருசம் செல்லும். இந்தப் படிப்புத் தவணைக்குள்ளை ஒண்டும் காட்டாட்டி, உந்தப் பெப்தைட்டை விட்டிட்டுப் பனம்பழத்திலை ஒரு ஆய்வு எடும்."

"தவணை முடியட்டும், சேர்," என்றார் அக்கா.

அடுத்த கிழமை, அக்கா சொல்லியனுப்பியபடி, அவருடைய தகப்பனார் ஒரு சாக்கோடு வந்து இறங்கினார். நாற்றம் அவருக்கு முன்னே வந்தது. சாக்கு நிறைய, காயவைத்த மீன்களின் காற்றுப்பைகள். எங்களுக்கு வேண்டிய அமினோ அமிலம் அவற்றில் தாராளமாக உண்டு. அமிலத்தில் கொதிக்கவைத்துப் பிரித்தெடுப்பது பழைய முறைதான், ஆனால் பெரும்பாடு. தகப்பனார் என்னிடம் மெல்லக் கேட்டார்: "பிள்ளை, இவள் இஞ்சை படிப்பிக்கிறாளோ, கருவாடு அவிக்கிறாளோ?"

"ரண்டும்தான் ஐயா," என்றேன்.

பக்கத்துப் பௌதிகவியல்காரர் ஜன்னல்களைச் சாத்திக்கொண்டார்கள். அக்கா கொதிக்கவைத்தார், வடித்தார், பளிங்காக்கினார், சரிவராவிட்டால் மறுபடியும் கொதிக்கவைத்தார். இன்று ஓர் இயந்திரம் ஆளில்லாமலே கோத்துத் தருகிற சங்கிலிகளின் நீளத்தைக் கேட்டால் எனக்குத் தலை சுற்றுகிறது. அன்று எங்களிடம் இருந்தது அவருடைய பிடிவாதம் மட்டும்தான்.

இம்முறை கோத்தபின் ஒரு சொட்டுத் திரவத்தைக்கூட அவர் வீசவிடவில்லை. அதிலிருந்துதான் சரக்கு வந்தது. தவணையின் கடைசிக் கிழமை, அதையும் மாற்றம் செய்யாத பெப்தைட்டையும் ஆட்டுக்குடல் நொதியத்தோடு விட்டு, தாளில் பொட்டு வைத்து, கரைப்பானை ஏறவிட்டு, நிறமூட்டிச் சூடாக்கினோம். மாற்றம் செய்யாதது துண்டுபட்டு வேறிடத்தில் நின்றது. அக்காவுடையது வெட்டுப்படாமல், முழுதாக, ஊதா நிறத்தில் ஒரே பொட்டாக நின்றது.

தலைவர் தாளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"சரி. பனம்பழம் வேண்டாம்," என்றார். "இனி என்ன செய்யப் போறீர்?"

"மூண்டு அமிலம் கோக்கப் போறன், சேர். அப்பாட்டை இன்னொரு சாக்குக்குச் சொல்லிப்போட்டன்."