பனிப்பாதையில் செபமாலை

ஒஸ்லோவில் என் முதல் குளிர்காலம் அது. ஹவுகன்ஸ்டுவாப் பகுதியில் எங்கள் வீட்டிலிருந்து ரயில் நிலையம் வரை பாதை கண்ணாடிபோல் உறைந்து கிடக்கும். விழுந்து இடுப்பு முறிந்தால் துப்புரவு வேலையும் போய்விடும் என்று நாள்தோறும் நடுங்கினேன். கோட்டுப் பைக்குள் செபமாலையை இறுகப் பிடித்து, "மாதாவே, என்னை விழ விடாதேயும்" என்று மன்றாடியபடி நடப்பேன். ஒருநாள் சறுக்கி விழுந்தேன்.

கூட வந்த கணவர் தூக்கிவிட்டுச் சீறினார்: "பொக்கற்றுக்குள்ளை கையை வைச்சுக்கொண்டு ஐஸிலை நடந்தால் விழாமல் என்ன செய்வீர்? கையை விரிச்சுக்கொண்டு நடவும்!"

செபித்த கைதானா என்னை விழுத்தியது என்று மாதா மீதே கோபம் வந்தது. மறுநாள் செபமாலை பைக்குள் கிடக்க, வெறுங்கைகளை விரித்தபடி நடந்தேன். பயமும் கூடவே வந்தது. வழுக்காத ஒவ்வொரு அடிக்கும் "நன்றி ஆண்டவரே" என்றேன். நிலையத்தை அடைந்தபோதுதான் உறைத்தது: வழிநெடுக நான் எதையுமே வேண்டிக் கேட்கவில்லை.