கழுவிக் காயவைத்த பால் கவர்கள்

பூட்டிய வீட்டுக்குள் நாங்கள் பின்வாசல் வழியாகத்தான் நுழைந்தோம். அதைச் சொல்ல இப்போது எனக்கு வெட்கமில்லை. அப்போது நிறைய இருந்தது.

சாலைக் கடைத்தெருவுக்குப் பின்னால் நாங்கள் ஒண்டிக்கிடந்த ஒற்றை அறைக்கு வாடகையை இரட்டிப்பாக்கிவிட்டார்கள். விழிஞ்ஞத்தில் துறைமுகம் வந்ததிலிருந்து ஆள்வரத்து கூடிப்போச்சாம்; இஷ்டமிருந்தால் இரு, இல்லையென்றால் நடையைக் கட்டு. பெயின்டரான என் வீட்டுக்காரரும், ஓட்டலில் இட்லி ஊற்றும் நானும் நகரமெல்லாம் அலைந்தோம். எதுவும் எங்கள் கைக்கு எட்டவில்லை. மகளுக்கோ பத்தாம் வகுப்பு. சொந்த ஊரான தென்காசிக்குத் திரும்பினால், மலையாளத்தில் படித்த பிள்ளை அங்கே எந்தப் பள்ளிக்கூடத்தில் போய் உட்காரும்? அவள் பரீட்சை எழுதி முடிக்கும்வரை தலைக்கு மேல் ஒரு கூரை. எனக்கு வேண்டியது அவ்வளவுதான்.

பூட்டிக் கிடக்கும் வீடுகளுக்கா இந்த ஊரில் பஞ்சம்! பிள்ளைகள் வெளியூரில், பெற்றவர்கள் பிள்ளைகளோடு. அப்படியொரு வீட்டுக்கு என் வீட்டுக்காரர் முன்பு பெயின்ட் அடித்திருந்தார். சமையலறைக்குப் பின்னால் உள்ள வொர்க் ஏரியாக் கதவில் கொண்டி பிடிக்காது என்பது அவருக்குத் தெரியும்.

"ஒரு மாசந்தான்ளா. அதுக்குள்ள இடம் பாத்துருதேன்" என்றார்.

"ஆமா, பாத்துக் கிழிச்சிய" என்றேன். ஆனாலும் மூட்டையைக் கட்டினேன்.

உள்ளே போனதும் நான்தான் சட்டம் போட்டேன். முன்பக்கம் வெளிச்சம் தெரியக் கூடாது. துணி பின்னால்தான் காய வேண்டும். முற்றத்துச் சருகை யாரும் தொடக் கூடாது. சருகு குவிவதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருப்பதற்குள் எனக்கு உயிர் போய் உயிர் வந்தது.

எல்லாவற்றையும் யோசித்த நான் பால் கவரை யோசிக்கவில்லை. எரித்தால் புகை வரும். தெருவில் போட்டால் கேமரா. மாதம் ஒருமுறை வீடு வீடாகப் பிளாஸ்டிக் எடுக்க வரும் பச்சைச் சட்டைப் பெண் கேட்டில் நின்று கூப்பிட்டதும், கழுவிக் காயவைத்து அடுக்கிய கட்டை ஓடிப்போய்க் கொடுத்தேன்.

"இத்ர விருத்தியா ஆரும் தராது சேச்சி" என்றாள்.

இவ்வளவு சுத்தமாக யாரும் தருவதில்லையாம்; எனக்குப் பெருமை தாங்கவில்லை. அவள் கேட்டில் ஒட்டியிருந்த ஸ்டிக்கரில் போனைக் காட்டினாள், அது கீச்சென்றது, போய்விட்டாள். நாலு மாதம் இப்படியே போனது.

ஐந்தாம் மாதம் மகள் வீட்டிலிருந்த ஒரு நாளில் நான் கவர்களைக் கட்டிக்கொண்டிருந்தேன். "அம்மே, அந்த ஸ்டிக்கரை ஸ்கேன் செஞ்சா ஓனரோட போனுக்கு மெசேஜ் போகுமல்லோ!" என்றாள்.

அவளைத் திட்டினேன், என்னையும் திட்டிக்கொண்டேன். சுத்தக்காரி என்று பேர் வாங்கப்போய் மூவரையும் தெருவில் நிறுத்தப் பார்த்தேனே! பச்சைச் சட்டைப் பெண் வந்து கூப்பிட்டபோது கதவைச் சாத்திக்கொண்டு மூச்சுவிடாமல் இருந்தேன். இரண்டு தரம் கூப்பிட்டுவிட்டுப் போனாள்.

பத்து நாள் கழித்து, வாசலில் ஆட்டோ வந்து நின்றது. எழுபது வயதிருக்கும் ஒரு அம்மா இறங்கி, சாவி போட்டு முன்கதவைத் திறந்தார். பரீட்சை முடிய இன்னும் இரண்டு வாரம் இருந்தது. புத்தகமும் கையுமாக மகள் எழுந்து நின்றாள்.

"அம்மா, பிள்ளை பரிச்ச எழுதிரட்டும். மறுநாளே போயிருதோம், உங்களுக்குப் புண்ணியமாப் போவும்" என்று அவர் வாய் திறக்கும் முன்பே கொட்டிவிட்டேன்.

அவர் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார். "இந்த மாசம் எந்தா பிளாஸ்டிக் கொடுக்காத்தது?" என்று கேட்டார்.

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. போனை நீட்டினார். நாலு மெசேஜ்கள்.

"முதல்ல போலீசுக்குச் சொல்லணும்னுதான் நெனச்சேன். பின்னே பிளாஸ்டிக் எடுக்கிற பெண்ணுக்குப் போன் செஞ்சேன். பால் கவரைக் கழுவி, காயவச்சு, அடுக்கித் தருதுன்னு பறஞ்ஞு. கள்ளன் பால் கவர் கழுவுமோ?" சிரித்தார். "பெங்களூர்ல மகனோட ஃப்ளாட்ல எனக்கு ஒரு வேலையுமில்ல. மாசம் ஒரு தடவை அந்த மெசேஜ் வரும். நம்ம வீட்ல ஆளுண்டுன்னு ஒரு சமாதானம். இந்த மாசம் வரல்ல. உங்களுக்கு என்னமோ ஆச்சோன்னு பேடிச்சுப் போயி."

நான் ஓவென்று அழுதுவிட்டேன். அப்பாடா என்று அழுவது எவ்வளவு சுகம் என்று அன்றுதான் தெரிந்தது.

சாயங்காலம் என் வீட்டுக்காரர் வழக்கம்போல் பின்பக்கமாகப் பதுங்கிப் பதுங்கி வந்தார். "முன்வாசல் திறந்நல்லோ கிடக்குது, அதுவழி வரூ" என்றார் அந்த அம்மா. மனுஷர் கையில் செருப்போடு அப்படியே நின்றுவிட்டார்.

வாடகைச் சீட்டு எழுதினோம். எவ்வளவு என்பதை எங்களையே சொல்லச் சொன்னார். சாவியைக் கொடுத்துவிட்டு அவர் ரயிலேறியதும், முதல் வேலையாகத் துடைப்பத்தை எடுத்து முற்றத்துச் சருகையெல்லாம் தெருவுக்கே கேட்கும்படி கூட்டித் தள்ளினேன்.

அடுத்த மாதம், பரீட்சை முடிந்து மகள் தூங்கி வழிந்துகொண்டிருந்த ஒரு காலையில் பச்சைச் சட்டைப் பெண் வந்தாள். கட்டைக் கொடுத்தேன். போன் கீச்சென்றது. நான் கேட்டைச் சாத்தித் திரும்புவதற்குள் என் போன் அடித்தது. பெங்களூர்.

"மெசேஜ் வந்நு" என்றார். வைத்துவிட்டார்.