ஓடுபாதைக்கு அடியில் கிடந்த கிணறு

எங்கள் தோட்டக் காணிகளைத் திருப்பித் தந்த அன்று, முட்கம்பியைத் தாண்டி உள்ளே போன எவருக்கும் தன் காணி எதுவென்று தெரியவில்லை. போர்க்காலத்தில் அவசரமாகப் போட்ட விமான ஓடுபாதை அது. புகையிலை விளைந்த செம்மண்ணை மட்டமாக்கி, இடித்த வீடுகளின் கல்லால் கிணறுகளைத் தூர்த்து, மேலே தார் ஊற்றியிருந்தார்கள். காணி உறுதிப் பத்திரங்கள் இடப்பெயர்வில் தொலைந்துவிட்டன. எல்லைகளை ஊராரின் நினைவை வைத்தே தீர்க்கவேண்டியிருந்தது.

பக்கத்துக் காணி, எனக்கு மச்சாள் முறையான ஒருத்தியுடையது. எல்லையோரம், அவள் பக்கத்தில், அவளுடைய புருஷன் பாறை உடைத்து வெட்டிய கிணறு இருந்தது. அவர் இடம்பெயர்ந்த இடத்தில் இறந்துபோனார். ஆறில்லாத மண் எங்களுடையது. கிணறு போனால் தோட்டம் போயிற்று. அது தெரிந்தும், தாருக்கு அடியில் மறைந்துகிடந்த அந்தக் கிணறு என் பக்கம் விழும்படி எல்லையைக் காட்டினேன்.

“மாஸ்டர், சூடம் அணைச்சுச் சத்தியம் பண்ணுவியளோ?” என்றார் ஒருவர். எரியும் கற்பூரத்தைக் கையால் அடித்து அணைத்துப் பொய் சொன்னால் பிள்ளைகளுக்கு ஆகாது என்பது எங்கள் நம்பிக்கை. மச்சாள் குறுக்கே வந்தாள். “உங்களுக்கென்ன விசரே? ஊருக்கே படிப்பிச்ச மனுசனைச் சூடம் அணைக்கச் சொல்லுறியளோ? அவர் சொன்னால் சரிதான்.”

அந்த வாரமே தாரைப் பெயர்த்து, கிளுவைத் தடிகளைக் கதியாலாக நட்டு வேலி அடைத்தேன். கிணற்றைத் தோண்டினேன், நல்ல தண்ணீர். அவள் எங்கிருந்தோ வாளியில் சுமந்து மிளகாய்க் கன்றுகளுக்கு ஊற்றிப் பார்த்தாள். கருகிவிட்டன. என்னிடம் ஒரு வாளி கேட்கவில்லை. நல்லூரில் இருந்த மகளிடம் போய்விட்டாள். சூடம் கொளுத்தியிருந்தால் உண்மையைச் சொல்லியிருப்பேன் என்று இத்தனை வருடமும் என்னைத் தேற்றிக்கொண்டேன்.

போன மாதம் அவளைப் பார்க்கப் போனேன். எலும்பும் தோலுமாகக் கட்டிலில் கிடந்தாள்.

“வாங்கோ மச்சான். கிணத்துத் தண்ணி இப்பவும் இனிக்குதோ?”

வேலியைப் பிடுங்கிப் பழைய இடத்தில் போடுகிறேன் என்றேன்.

“இனி ஆர் இறைக்கிறது? நீங்கள் சொன்னது பொய்யெண்டு எனக்கு அண்டைக்கே தெரியும்.”

“பிறகேன் மறிச்சனீ?”

“சூடத்தை அணைச்சும் அதையே சொல்லிப்போடுவியள் எண்டு பயந்தனான். உங்கடை பிள்ளையள் என்ரை மடியிலை வளந்ததுகள் மச்சான்.”

அப்படிச் செய்திருக்கமாட்டேன் என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்ல முடியவில்லை.