விடு என்று சொல்லும் வரை

இது கட்டுக்கதை இல்லை. 1974-ம் வருஷம் ஜூன் மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை, பொன்னேரியில் பட்டப்பகலில் நடந்தது. பேய் என்றால் ராத்திரியில் புளியமரத்தில்தான் இருக்கும் என்று நம்புகிறவர்கள் இதோடு நிறுத்திக்கொண்டு வேறு வேலை பார்க்கலாம். இதில் சிக்கிய அனந்தபத்மநாபன் இன்றைக்கும் இருக்கிறார். இடது கையைத் தோளுக்கு மேல் தூக்க மாட்டார். சட்டையைக் கழற்றினால் நெஞ்சில் ஒரு சாண் நீளத்துக்குத் தழும்பு தெரியும். சந்தேகம் இருந்தால் போய்ப் பார்த்துக்கொள்ளுங்கள்.

திருவள்ளூர்ப் பெருமாள் கோயிலில் தலைமுறை தலைமுறையாகக் கைங்கரியம் செய்கிற குடும்பம் அவருடையது. அண்ணன் தம்பிகள் கையில் துளசி மணக்கும். இவர் கையில் மட்டும் கிரீஸ். கும்மிடிப்பூண்டிப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் ஸ்டோர் கீப்பர் வேலை, பொன்னேரியில் வாடகை வீடு, மனைவி பூமா, ஒரு பழைய கறுப்பு கார். அவ்வளவுதான் அவர் உலகம்.

அந்தக் கார் கும்மிடிப்பூண்டியில் வருஷக்கணக்காக டாக்ஸியாக ஓடித் தேய்ந்தது. மைல் மீட்டர் ஒரு முழுச் சுற்று சுற்றி, மறுபடி பூஜ்யத்தில் ஆரம்பித்து அதிலும் பாதி தூரம் வந்திருந்தது. புரோக்கர் மூலமாக வாங்கியதால் முன்னால் வைத்திருந்தவர் யார் என்று இவருக்குத் தெரியாது. கேட்கவும் இல்லை. வாங்கிய நாளிலிருந்து ஒரு மெக்கானிக்கையும் அதன் பக்கத்தில் அண்ட விட்டதில்லை. எல்லாம் தானே செய்ய வேண்டும். அப்படி ஒரு பிடிவாதம், கூடவே கொஞ்சம் திமிர்.

அன்றைக்கு பிரேக் வேலை. பின்சக்கரத்து ரப்பரை மாற்றியாயிற்று. பிரேக் குழாய்க்குள் புகுந்த காற்றை வெளியேற்ற வேண்டும். அதற்கு இரண்டு பேர் தேவை. ஒருவர் சீட்டில் உட்கார்ந்து பிரேக்கை மிதிக்க வேண்டும். இன்னொருவர் வண்டிக்கு அடியில் படுத்துக்கொண்டு, சக்கரத்துக்குப் பின்னால் இருக்கும் நிப்பிள் என்கிற சின்னத் திருகைத் திறக்க வேண்டும். ஆயிலோடு காற்றும் குமிழி குமிழியாக வெளியே வரும். மூடிவிட்டு மறுபடி மிதிக்கச் சொல்ல வேண்டும். மேலே இருப்பவருக்கும் கீழே இருப்பவருக்கும் நடுவில் மூன்றே வார்த்தைகள். மிதி. பிடி. விடு. கீழே இருப்பவர் 'விடு' என்று சொல்லாமல், மேலே இருப்பவர் காலை எடுக்கவே கூடாது.

வீட்டுக்குப் பின்னால் மூடிக் கிடந்த ஒரு நெல் மில். அங்கே லாரிகளுக்கு அடியில் வேலை பார்க்க ஒரு சாய்வு மேடை கட்டியிருந்தார்கள். சரிவாக ஏறும் இரண்டு நீளச் சுவர்கள், நடுவில் ஆள் நுழைய இடைவெளி. சக்கரங்களைச் சுவர்மேல் ஏற்றிவிட்டால் ஆள் அடியில் போகலாம். உயரமான முனையைக் குறுக்குச் சுவர் வைத்து அடைத்திருந்தார்கள். உள்ளே போகவும் வெளியே வரவும் தாழ்ந்த பக்கம் ஒன்றுதான் வழி.

காரை மேலே ஏற்றினார். கைப்பிரேக் கம்பி இடைஞ்சல் என்று கழற்றிப் போட்டிருந்தார். கியரிலும் போடவில்லை. பின்சக்கரங்களுக்கு முட்டுக்கொடுக்க நல்ல மரக்கட்டை வேண்டும். தேடச் சோம்பல். சக்கரத்துக்கு ஒன்றாக இரண்டு செங்கல்லை வைத்தார். எல்லாம் தெரிந்தவருக்கு அன்றைக்குப் புத்தி மழுங்கிப் போயிற்று.

பதினொன்றரைக்கு ஆரம்பித்தார்கள். பூமா மேலே, இவர் கீழே.

"மிதி."

"ம்."

"பிடி."

"பிடிச்சுண்டிருக்கேன்."

"விடு."

மூன்று சக்கரம் முடிந்தது. நாலாவது, பின்பக்கம் இடது. அந்த நிப்பிள் துருப்பிடித்து இறுகியிருந்தது. மல்லாந்து படுத்தபடி சுத்தியலால் தட்டித் தட்டி இளக்கினார். அது அசைந்து கொடுத்தபோது மணி பன்னிரண்டு ஐந்து.

"மிதி."

'ம்' வரவில்லை. ஆனால் மிதி விழுந்தது. குழாயில் அழுத்தம் ஏறுவது ஸ்பேனர் வழியாகக் கைக்குத் தெரிந்தது. கோபமாக இருக்கிறாள் போலிருக்கிறது, வெயிலில் அரை மணி நேரமாக உட்கார வைத்தால் யாருக்குத்தான் வராது என்று நினைத்துக்கொண்டார்.

"பிடி."

பிடித்தது. பூமாவின் மிதி மெத்தென்று இருக்கும், கடைசியில் லேசாக நடுங்கும். இது நடுங்கவில்லை. கல் மாதிரி நின்றது. நிப்பிளைத் திறந்தார். ஆயில் பாட்டிலில் இறங்கியது. காலையில்தான் புது ஆயில் ஊற்றியிருந்தார். வந்தது கறுப்பாக இருந்தது...

மூடுவதற்குள்...

நொறுக்.

வலது பக்கச் செங்கல்.

அடுத்த நொடியே இடது பக்கம்.

கார் பின்னால் உருண்டது. சரிவில் இறங்க இறங்க, அதற்கும் தரைக்கும் நடுவில் இருந்த இடம் குறைந்தது. பின் அச்சின் நடுவில் இருக்கும் இரும்புக் குடம் நெஞ்சின்மேல் வந்து உட்கார்ந்தது. இடது கை சுவரோடு நசுங்கியது.

"பிடி! பிடி! பிடி!"

நின்றது.

மூச்சு பாதிதான் உள்ளே போனது. இன்னும் நாலு விரற்கடை இறங்கினால் அதுவும் போகாது. வெளியே போகிற வழியைக் காரே அடைத்துக்கொண்டிருந்தது. தலைக்கு மேலே குறுக்குச் சுவர். பூமாவின் கால் ஒன்றுதான் தன்னை உயிரோடு வைத்திருக்கிறது என்று அவருக்குப் புரிந்தது.

"பூமா... காலை எடுத்துடாதே... கத்து... யாரையாவது கூப்பிடு..."



பன்னிரண்டு பத்து. கொலுசுச் சத்தம் கேட்டது.

மேலேயிருந்து இல்லை. வீட்டுப் பக்கத்திலிருந்து.

சுவருக்கும் காருக்கும் நடுவில் இருந்த சந்து வழியாகப் பார்த்தார். பூமாவின் புடவைக் கரை. பூமாவின் மெட்டி. தரையில் விழுந்து உருண்ட மோர் டம்ளர்.

"ஐயோ பெருமாளே! என்னன்னா இது?"

"நீ... மேலே இல்லையா?"

"அடுப்புல பால் வச்சிருக்கேன், போய்ட்டு வரேன்னு சொல்லிட்டுத்தானே போனேன். நீங்க தட்டிண்டே இருந்தேள்."

"அப்போ சீட்ல யாரு?"

அவள் எட்டிப் பார்த்தாள்.

"யாருமில்லே... ஆனா பிரேக் மட்டும் அடி வரைக்கும் அமுங்கியிருக்கு."

"கதவைத் தொடாதே. போ. ஆள் கூட்டிண்டு வா."

கொலுசு ஓடியது. தேய்ந்தது. நின்றது.

தனியாக இருந்தார்.

தனியாக இல்லை.

அப்போதுதான் அது கண்ணில் பட்டது. முகத்துக்கு நேரே நிப்பிள் திறந்தே கிடந்தது. கடைசிச் சொட்டும் வடிந்து, குழாய் காய்ந்திருந்தது. ஆயில் இல்லாத பிரேக்கை எவ்வளவு மிதித்தாலும் பிடிக்காது. வண்டி வேலை தெரிந்த சின்னப் பிள்ளைக்குக்கூட இது தெரியும்.

பிடித்துக்கொண்டிருந்தது.

சீட் ஸ்பிரிங் 'கிரீச்' என்றது...

பன்னிரண்டு பதினேழு.

"உட்டுடட்டா?"

மெதுவான குரல். பொம்பளைக் குரல். பூமா அப்படிப் பேச மாட்டாள்.



"கால் நோவுது... உட்டுடட்டா?"

"வேண்டாம்மா..."

"சரி."

எங்கோ ஒரு காக்கை. நெற்றி வியர்வை கண்ணில் இறங்கியது. துடைக்கக் கை இல்லை.

"இன்னும் எம்மா நேரம்?"

"கொஞ்சம்... கொஞ்ச நேரம்..."

கார் ஒரு நூல் அளவு இறங்கியது. விலா எலும்பில் 'டக்' என்று ஒரு சத்தம்.

"உட்டுடட்டா?"

"பிடிச்சுக்கோம்மா... உன் காலில் விழறேன்... பிடிச்சுக்கோ..."

"புட்ச்சினுதான் கீறேன்... நீ சொல்லாம உடமாட்டேன்."

அழுகை அந்தக் குரலில் இருந்ததா, தன் தொண்டையிலா... அவருக்குத் தெரியவில்லை.

பன்னிரண்டு முப்பத்தொன்று. ஆட்கள் வந்தார்கள். மில் வாட்ச்மேன் இராமலிங்கமும் கடைத்தெருவில் மூட்டை தூக்குகிற நாலு பேரும். சக்கரத்துக்கு உத்திரக் கட்டையைக் கொடுத்து, காரை மேலே தள்ளி, இவரைக் காலைப் பிடித்து வெளியே இழுத்தார்கள். இராமலிங்கம் கார் கதவைத் திறந்தவர் உடனே மூடிவிட்டார். "சீட்டு பள்ளமாக் கீது சார். ஆள் குந்திக்கினு இருக்காப்ல" என்றார். அதோடு அந்த மேடைப் பக்கமே அவர் வரவில்லை.

ஆஸ்பத்திரியிலிருந்து வெளியே வரப் பத்து நாள் ஆயிற்று. கட்டோடு கும்மிடிப்பூண்டிக்குப் போய், புரோக்கரைப் பிடித்து, விலாசம் வாங்கினார். ஸ்டேஷனுக்குப் பின்னால் ஒரு ஓட்டு வீடு. கோவிந்தம்மா என்று ஒரு அம்மாள் வெளியே வந்தாள். டாக்ஸி ஓட்டிய சின்னராசு அவளுடைய அக்காள் கங்கம்மாளின் புருஷன்.

"மாமா எல்லா வேலையும் தானே செய்வாரு, சார். அக்காதான் மேல குந்திக்கினு பிரேக் மிதிக்கும். அன்னிக்கி ஏதோ ஞாபகத்துல, அவரு சொல்றதுக்கு முன்ன காலை எடுத்துட்ச்சி. வண்டி உருண்டு அடியிலயே பூட்டாரு."

"உங்க அக்கா எங்கே?"

"அது அப்புறம் ஆறு மாசம்தான் சார் இருந்திச்சி. வலது காலை நீட்டிக்கினே கெடந்திச்சி. மடக்கச் சொன்னா, 'அவுரு இன்னும் உடுன்னு சொல்லல'ன்னும். செத்தப்புறமும் அந்தக் கால் மடங்கல. பாடையில அப்படியேதான் தூக்கினு போனோம்."

ஊர் திரும்பும் ரயிலில் அவருக்கு ஒன்று உறைத்தது. தன்னை வெளியே இழுத்த அவசரத்தில், தானும் அந்த வார்த்தையைச் சொல்லவில்லை.

நேரே மேடைக்குப் போனார். மாலை ஐந்து நாற்பது. கார் கட்டைமேல் அப்படியே நின்றது. கண்ணாடி வழியாகப் பார்த்தார். பத்து நாளாகியும் பிரேக் அடி வரைக்கும் அமுங்கியே இருந்தது. அவருக்கு அழுகை வந்துவிட்டது. கதவருகில் நின்று, "விடும்மா. போதும், விடு" என்றார். மூன்று தடவை சொன்னார்.

பிரேக் மேலே வரவில்லை.

ஏன் என்று அவருக்குத் தெரியும். அந்த வார்த்தை வண்டிக்கு அடியிலிருந்து வர வேண்டும். அதுதான் முறை. தாழ்ந்த பக்கம் போய்க் குனிந்தார். இருட்டாக இருந்த அந்த இடைவெளியைப் பார்த்தார். கை ஊன்றினார். ஊன்றிய கையை எடுத்து நெஞ்சுக் கட்டின்மேல் வைத்துக்கொண்டார். எழுந்து வீட்டுக்கு வந்துவிட்டார்.

மறுவாரம் காரை எடைக்குப் போட்டார். வாங்கிப் போனவன் திரும்பி வந்து ஒரு விஷயம் சொன்னான். எல்லாவற்றையும் பிரித்தும் அந்த பிரேக் மட்டும் மேலே எழும்பவில்லையாம். அமுங்கியபடியே அறுத்து எடுத்தார்களாம்.