பரீதாவின் கறுத்த குழாய்

வாவியின் மேல் பனிமூட்டம் கலைந்துகொண்டிருந்த ஒரு காலையில் அந்தத் தொலைபேசி அழைப்பு வந்தது. "மிஸ், நம்மட பரீதா மௌத்தாகிட்டாவாம். பத்து மணிக்கு அடக்கமாம்" என்றார் எங்கள் ஆய்வுகூடப் பணியாளர். களுவாஞ்சிக்குடியிலிருந்து நான் ஏறாவூரை அடைந்தபோது ஜனாஸாவை அடக்கத்துக்குக் கொண்டுபோய்விட்டிருந்தார்கள். பெண்கள் இருந்த அறையில் ஓரமாக அமர்ந்தேன். சன்னலுக்கு வெளியே அவர் வீட்டுக் கிணறு தெரிந்தது. வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

பரீதா எங்கள் துறையின் நுண்ணுயிர் ஆய்வுகூடத்தில் தொழினுட்ப உத்தியோகத்தர்; நான் அங்கே விரிவுரையாளர். என் வயதுதான். ஒரு வெள்ளம் வடிந்த மாதத்தில் கிணற்றுத் தண்ணீர்ப் போத்தல்கள் எங்கள் மேசையை நிறைத்தன. பற்றீரியாவை வளர்த்துப் பார்த்துப் பதில் சொல்ல இரண்டு நாட்களாகும்.

"ரெண்டு நாளும் புள்ளைகள் எதக் குடிக்கிற, மிஸ்?" என்று கேட்டார் பரீதா.

"கொதிக்கவெச்சுக் குடிக்கட்டும்."

"விறகெல்லாம் நனைஞ்சி கிடக்கு."

அடுத்த வாரம் ஒரு ஐஸ்கிறீம் பெட்டியோடு வந்தார். உள்ளே தென்னந்தோட்டத்து எருக்குவியலில் எடுத்த வண்டுப் புழுக்கள், ஒவ்வொன்றும் பெருவிரல் பருமன். புழுவின் குருதியில் உள்ள சில புரதங்கள் பற்றீரியாவின் சுவரைத் தொட்டதும் அடையாளம் கண்டு, குருதியைக் கறுக்கவைக்கும். புழு தன்னைக் காத்துக்கொள்ளும் வழி அது. அந்தக் குருதியின் தெளிந்த நீரைக் குளிரில் பாதுகாத்து, கிணற்றுத் தண்ணீரோடு கலந்தால் ஒரு மணித்தியாலத்தில் பதில் கிடைக்கும் என்றார் பரீதா.

"பேரும் வெச்சிட்டீங்களோ?" என்று கேட்டேன்.

"ஓம் மிஸ். இந்தக் கொழுத்தவர் 'டொக்டர்'. ஒங்களப்போல, ஒண்டையும் லேசில நம்பமாட்டார்."

தண்ணீரும் புழுக்குருதியும் கலந்த சோதனைக் குழாய்கள் கறுப்பதை இருவரும் பார்த்திருப்போம். வாவியில் மாலை இறங்குவதுபோல இருக்கும். எந்தக் கணத்தில் இருண்டது என்று சொல்லமுடியாது.

நான் நம்பவில்லை. ஒரு கிணற்றுத் தண்ணீரைக் கொதிக்கவைத்து, ஆறவிட்டு, என் குறிப்பேட்டில் 'சுத்தம்' என்று எழுதிக்கொண்டு, மற்றவற்றோடு இலக்கமிட்டு அவரிடம் கொடுத்தேன். என் வளர்ப்புத் தட்டில் ஒன்றும் முளைக்கவில்லை. பரீதாவின் குழாய் கறுத்தது. துறைக் கூட்டத்தில், "சுத்தமான தண்ணீருக்கும் கறுக்கிறது, இதை நம்பமுடியாது" என்றேன். கொதிக்கவைத்ததைச் சொல்லவில்லை. தேவையற்ற விவரம் என்று அன்று உண்மையிலேயே நினைத்தேன். பரீதா எதிர்த்துப் பேசவில்லை. டொக்டரையும் மற்றவர்களையும் எருக்குவியலிலேயே கொண்டுபோய் விட்டார்.

சில மாதங்களின் பின், குழாய் கழுவிக்கொண்டே, யாருக்கோ சொல்வதுபோலச் சொன்னார்: "புழு உசிரத் தேடுறல்ல, மிஸ். சுவரத்தான் தேடுது. வீட்டாள் மௌத்தானாலும் வீட்டுச் சுவர் நிக்கும்தானே."

அப்போதுதான் விளங்கியது. கொதிநீர் பற்றீரியாவைக் கொல்லும், ஆனால் அதன் சுவர்த் துண்டுகள் தண்ணீரிலேயே கிடக்கும். புழுவின் குருதி சரியாகவே சொல்லியிருந்தது. உயிருள்ளதையும் செத்ததையும் பிரிக்காத முறை தனியே போதாது என்றே இப்போதும் சொல்வேன். ஆனாலும் எந்தக் கிணற்றை முதலில் கவனிப்பது என்று அந்த வெள்ளத்தில் அது காட்டியிருக்கும். அடுத்த கூட்டத்தில் இதைச் சொல்ல நினைத்தேன். பிறகு, அதற்கடுத்த கூட்டத்தில். சொல்லவேயில்லை.

கடந்த வாரம் ஆய்வுகூடத்தில் அவருடைய மேசை லாச்சியைக் காலிசெய்தபோது, பஞ்சில் சுற்றிய ஒரு குழாய் கிடைத்தது. வாய் மெழுகால் அடைக்கப்பட்டிருந்தது. உள்ளே கறுப்பு. ஒட்டியிருந்த தாளில் அவருடைய சாய்ந்த எழுத்து: "மிஸ் கொதிக்கவெச்ச தண்ணி. தரக்குள்ள போத்தல் இளஞ்சூடு."

ஆறிவிட்டதென்று நான் கொடுத்த போத்தலில் சூடு மிச்சமிருந்திருக்கிறது. கூட்டத்துக்கு முன்பே அவருக்குத் தெரிந்திருக்கிறது. ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் உங்கள் எல்லோர் முன்னிலையிலும் நான் தலைகுனிந்திருப்பேன்.

அன்று அந்தத் துறைக் கூட்டத்தில் இருந்தவர்களுக்கு இதை எழுதுகிறேன். பரீதா சொன்னது சரி. அது சுத்தமான தண்ணீர் அல்ல, நான் கொதிக்கவைத்த கிணற்றுத் தண்ணீர்.

அந்தக் குழாயை என் மேசையில், வாவி தெரியும் சன்னலோரம் வைத்திருக்கிறேன். பின்னேரங்களில் வெளியே தண்ணீர் மெல்ல மெல்லக் குழாயின் நிறத்துக்கு வரும். விடிந்ததும் வாவி வெளுத்துவிடும். குழாய் அப்படியே இருக்கும்.