டெல்மர் பற்றவைத்த இருக்கை

எங்கள் வட்டாரத்துச் சோள வயல்களில் வட்டமடித்துத் தண்ணீர் தெளிக்கும் எந்திரம் எது நின்றுபோனாலும் டெல்மர் குச்சேராவைத்தான் கூப்பிடுவார்கள். நெப்ராஸ்காவின் ஜூலை வெயிலில் நான்கு நாள் தண்ணீர் நின்றால் பயிர் சுருண்டுவிடும். அதனால் அவருடைய வெள்ளை பிக்கப் வண்டி எதிரே வந்தால், மற்றவர்களுக்கு வணக்கமாக ஸ்டியரிங்கிலிருந்து ஒரு விரல் தூக்குகிற விவசாயிகள் அவருக்கு இரண்டு விரல் தூக்குவார்கள்.

உயரம் ஆறடி நான்கு அங்குலம். அதில் பெரும்பகுதி கால். வயது எழுபத்தொன்று. இத்தனை வருடத்தில் தன் பொருள் எதையும் அடுத்தவரிடம் பழுதுபார்க்கக் கொடுத்ததில்லை. மனைவி லவோனின் தையல் மெஷின், தேவாலயத்து மணி, தன் சொந்தக் கடைவாய்ப்பல் ஒன்று, எல்லாம் அவரே கைவைத்தவை. பல்லைப் பற்றி நான் பேசப்போவதில்லை. அன்று ரத்தம் நிறுத்தியது நான்தான்.

நான் சாலைக்கு எதிர்ப்புறத்துப் பண்ணை வீட்டில் இருக்கிறேன். முப்பத்தாறு வருடம் ஆஸ்பத்திரியில் நோயாளிகளைத் தூக்கி, திருப்பி, குளிப்பாட்டி, உட்காரவைத்த வேலை. அதில் ஓய்வு கிடையாது. யாருக்காவது எங்காவது எலும்பு முறிந்தால் என் வீட்டுத் தொலைபேசிதான் மணியடிக்கும்.

டெல்மரின் வலது இடுப்பு மூட்டு தேய்ந்து மூன்று வருடம் ஆகிறது. தண்ணீர் பாய்ச்சும் பருவம் முடியட்டும் என்று தள்ளிப்போட்டு, கடைசியில் செப்டம்பர் இறுதியில் அறுவை சிகிச்சைக்கு நாள் குறித்தார்கள். அதற்குப் பிறகு ஆறு வாரம் வண்டி ஓட்டக்கூடாது. வாரத்துக்கு இரண்டு முறை நாற்பது மைல் தள்ளியிருக்கும் ஊருக்கு உடற்பயிற்சி சிகிச்சைக்குப் போகவேண்டும். லவோனின் காரை வசந்த காலத்தில் ஒரு மான் மோதி முடித்துவைத்துவிட்டது. மிச்சமிருப்பது பிக்கப் மட்டும். ஆகவே ஆறு வாரமும் லவோன்தான் அதை ஓட்டியாகவேண்டும். அவள் உயரம் ஐந்தடிக்கு அரை அங்குலம் குறைவு.

செப்டம்பர் நடுவில், நாற்காலிகளின் உயரத்தை அளந்துவைக்க அவர்கள் வீட்டுக்குப் போனேன். இடுப்பு மாற்றியவர்கள் தாழ்வான இருக்கையில் உட்காரக்கூடாது. முற்றத்தில் பிக்கப் நின்றது. உள்ளே தலையணைக் குவியல் ஒன்று தெரிந்தது. குவியலுக்கு முன்னால் லவோனின் தலை தெரிந்தது.

"என்னடி இது, சோபாவையே உள்ள ஏத்திட்டியா?" என்றேன்.

"முதுகுக்குப் பின்னாடி மூணு, அடியில ஒண்ணு," என்றாள். "இப்போ பிரேக்கு பெருவிரல் நுனியில எட்டுது."

"நுனியிலயா?"

"சர்ச்சுக்குப் போற ஷூ போட்டா இன்னும் கொஞ்சம் எட்டும்."

"சீட்ட முன்னால இழுக்கவேண்டியதுதானே?"

லவோன் கொட்டகை வாசலில் நின்றிருந்த டெல்மரைப் பார்த்தாள். அவர் அவசரமாக ஒரு ஸ்பேனரைத் துடைக்க ஆரம்பித்தார். நான் குனிந்து பார்த்தேன். இருக்கை ஓடுகிற தண்டவாளம் இரண்டும், அவற்றைத் தரையோடு பிடிக்கும் போல்ட்டுகளும் சேர்த்து வெல்டிங் வைக்கப்பட்டிருந்தன. டெல்மரின் கால் நீளத்துக்கு, அதாவது கடைசி வரை பின்னால் தள்ளி.

கதை அப்புறம் லவோனிடமிருந்து வந்தது. வண்டிக் கம்பெனி மூன்று கடிதம் அனுப்பியிருந்தது. ஓட்டுநர் இருக்கையின் கொக்கி சரியாகப் பிடிக்காமல் போகலாம், ஓடும்போதே இருக்கை நகரலாம், கொண்டுவந்தால் இலவசமாக மாற்றித் தருகிறோம் என்று. முதல் கடிதத்தை டெல்மர் படித்தார். இரண்டாவதைப் பிரிக்கவில்லை. மூன்றாவதை எட்டாக மடித்து, ஆட்டம் கொடுத்துக்கொண்டிருந்த இருக்கைக்கும் தண்டவாளத்துக்கும் நடுவே ஆப்பாகச் செருகினார். நல்ல கெட்டித் தாள் என்று பாராட்டவும் செய்தாராம்.

ஆப்பு மூன்று வாரம் தாங்கியது. ஆகஸ்டில் ஒருநாள், பக்கத்துப் பண்ணைக்காரர் லூமிரின் வயலை ஒட்டிய மேட்டில் ஏற வேகம் கொடுத்தபோது இருக்கை சரேலென்று பின்னால் போனது. ஸ்டியரிங்கை விடாமல் பிடித்துக்கொண்டே இவரும் பின்னால் போக, வண்டி திரும்பி, பள்ளத்தைத் தாண்டி, லூமிரின் சோயா பயிரில் நாற்பது அடி உழுதுவிட்டு நின்றது. குறுக்கே மான் வந்தது என்று டெல்மர் சொன்னார். அந்த மான் ஒரு குளம்புத்தடம்கூட வைக்காமல் போயிருக்கிறதே என்று லூமிர் கேட்டார். அன்று மதியமே டெல்மர் வெல்டிங் கருவியை எடுத்துவிட்டார்.

"இப்போ அது எங்கயும் நகராது," என்றார், எங்கள் அருகில் நொண்டி வந்து.

"ஆமா, உன் பொண்டாட்டி காலும் பிரேக்குக்கு நகராது," என்றேன்.

"அதுக்கு வழி வெச்சிருக்கேன். ஒவ்வொரு பெடல்லயும் ஒரு மரக்கட்ட வெச்சு போல்ட் அடிச்சா..."

"லவோன், முற்றத்தச் சுத்தி ஒரு ரவுண்டு போ," என்றேன்.

போனாள். குப்பை எரிக்கிற இரும்புப் பீப்பாய்க்கு முன்னால் பிரேக்கை மிதித்தாள். மிதித்த கால் முன்னே போகவில்லை. முதுகுக்குப் பின்னாலிருந்த தலையணைகள் அமுங்கி, அவள் பின்னே போனாள். பீப்பாய் உருண்டு கோழிக்கூடு வரை சென்றது.

வேலையில் சேர்ந்த முதல் நாள் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தது இது: ஆட்டிப் பார்க்காத நாற்காலியில் யாரையும் உட்காரவைக்காதே. சக்கர நாற்காலிக்குச் சொன்னார்கள். பிக்கப்புக்கு அது பொருந்தாது என்று யாரும் சொல்லவில்லை.

"டெல்மர், நல்லாக் கேட்டுக்கோ," என்றேன். "வீட்டுக்குப் போக பத்திரமான வண்டி இருக்குன்னு ஒரு ஆள் கையெழுத்துப் போடாம ஆஸ்பத்திரில உன்ன விடமாட்டாங்க. அந்த ஆள் நான். இந்த வண்டிக்கு நான் கையெழுத்துப் போடமாட்டேன். ஆறு வாரமும் நீ டவுன் முதியோர் இல்லத்துல கெடக்கவேண்டியதுதான்."

"அங்க சீட்டாட்டத்துல ஏமாத்துறானுங்க," என்றார், நிஜமான பயத்தோடு.

"அப்போ கம்பெனிக் கடைக்குப் போ."

அவர் வானத்தைப் பார்த்தார். வண்டியைக் கடைக்குக் கொண்டுபோனவன் மறுநாள் காலை தானியக் கிடங்கின் காப்பி மேஜைக்கு வந்தால் என்ன நடக்கும் என்று எங்கள் ஊரில் எல்லோருக்கும் தெரியும். ஒருத்தருக்கு வைப்பர் மாற்றிக் கொடுத்தார்கள் என்று தெரிந்து, பதினொரு வருடமாக அவரை வைப்பர் என்றுதான் கூப்பிடுகிறார்கள்.

கடைசியில் ஒரு செவ்வாய்க்கிழமையைத் தேர்ந்தெடுத்தார். அன்று மாட்டு ஏலம். ஊர் ஆண்கள் எல்லோரும் அங்கே இருப்பார்கள். அறுவை சிகிச்சைக்கு இன்னும் ஒன்பது நாள்.

"யாராவது பாத்தா ஆயில் மாத்த வந்தோம்னு சொல்லு," என்றார், எங்கள் இருவரையும் ஏற்றிக்கொண்டு ஓட்டுகிற வழியில்.

"ஆயில் மாத்தக் கடைக்கு வந்தேன்னு தெரிஞ்சா அதவிட அசிங்கம்," என்றாள் லவோன்.

கடையின் காத்திருக்கும் அறையில் ஏற்கெனவே இரண்டு பேர் இருந்தார்கள். ஒருவர் தொப்பியை மூக்குவரை இழுத்துவிட்டுத் தூங்குவதுபோல் இருந்தார். அவர் டுவேன், டெல்மரோடு தினமும் காப்பி குடிப்பவர். மற்றவர் ஒரு பத்திரிகையைத் தலைகீழாக விரித்து முகத்தை மறைத்திருந்தார். கைக்குழந்தை வளர்ப்புப் பத்திரிகை. அந்தக் கையை எனக்குத் தெரியும், இரண்டு வருடத்துக்கு முன் அதற்குக் கட்டுப்போட்டிருக்கிறேன்.

"என்ன லூமிர், எத்தன மாசம்?" என்றார் டெல்மர்.

பத்திரிகை இறங்கியது. "நீ எங்க இங்க? மான் மறுபடி வந்துச்சா?"

"லெட்டர் வந்துச்சு," என்றார் டெல்மர்.

"எனக்கும்தான்," என்றார் லூமிர்.

டுவேன் தொப்பிக்கு அடியிலிருந்தே ஒரு விரலைத் தூக்கினார். மூன்று பேரும் மாட்டு ஏலத்தை நம்பி அதே செவ்வாய்க்கிழமையைத் தேர்ந்தெடுத்திருந்தார்கள். வெளியே மூன்று பிக்கப்புகள், ஒரே கம்பெனி, ஒரே வருடம்.

வரவேற்பு மேஜையில் இருந்த பெண்ணின் பெயர் ட்ரினா. அவளுக்குப் பின்னால் ஒரு அலமாரி. இருக்கை நகராமலிருக்க வண்டிக்காரர்கள் அடியில் மாட்டிவைத்திருந்தவற்றை எடுத்து அதில் வரிசையாக வைத்திருந்தாள். குதிரைச் சேணத்து வார், பன்றிப்பட்டிக் கதவின் கீல், முள்கம்பி முறுக்கு ஒன்று, நடுவில் ஒரு தேவாலயப் பாட்டுப் புத்தகம்.

"அந்தப் புத்தகம் யாரோடது?" என்று லவோன் கேட்டாள். டுவேனின் தொப்பி இன்னும் ஒரு அங்குலம் கீழே இறங்கியது.

ட்ரினா டெல்மரின் வண்டியைப் பார்த்துவிட்டு வந்தாள். "சார், இது சீட்டா, இல்ல பாலமா?"

"நல்லாப் புடிச்சிருக்கும்," என்றார் டெல்மர்.

"புடிச்சிருக்கு. அதான் பிரச்சன. தண்டவாளத்த எடுத்துட்டுப் புதுசு போடணும். நீங்க வெச்ச வெல்டிங்க எங்க ஆளுங்க அறுக்கக்கூடாதுன்னு ரூல். வெளியில எங்கயாவது அறுத்துட்டு வாங்க. அடுத்து இடம் இருக்கறது நவம்பர் ரெண்டாவது வாரம்."

"ஒன்பது நாள்ல இவருக்கு ஆபரேஷன்மா," என்றேன்.

"சாயங்காலம் அஞ்சு வரைக்கும் வண்டி எங்க பார்க்கிங்ல நிக்கட்டும்," என்றாள் ட்ரினா. "அதுக்குள்ள சீட்டு கழண்டு வந்தா இன்னிக்கே மாட்டிடறோம். நான் ஜன்னல் பக்கம் பாக்கமாட்டேன்."

டெல்மர் தன் கருவிப் பெட்டியிலிருந்து இரும்பு அறுக்கும் கட்டிங் மெஷினை எடுத்துக்கொண்டு கதவருகே மண்டியிட முயன்றார். பாதியில் நின்றார். கதவைப் பிடித்த கை வெளுத்தது. கீழேயும் போக முடியவில்லை, மேலேயும் வர முடியவில்லை. நான் பின்னாலிருந்து இடுப்பு வாரைப் பிடித்து, மூன்று எண்ணி நிமிர்த்தினேன்.

"குடு, நான் அறுக்கறேன்," என்றார் லூமிர்.

"என் வெல்டிங்ல நீ கைவைக்கறதா? செத்தாலும் விடமாட்டேன்."

"அப்போ யாரு?"

லவோன் காதணியைக் கழற்றி என் கையில் கொடுத்தாள். டெல்மரின் தலையிலிருந்து பாதுகாப்புக் கண்ணாடியை எட்டி எடுத்துத் தன் கண்ணில் மாட்டினாள். நாற்பத்தாறு வருடம் அந்த மனிதர் எந்திரத்துக்கு அடியில் கிடக்கும்போது கேட்ட கருவியைக் கேட்ட நொடியில் நீட்டியவள் அவள். எது எதற்கு என்று அவளுக்குத் தெரியாமல் இருக்குமா?

அவள் உடம்புக்கு வண்டியின் தரை அளவெடுத்ததுபோல இருந்தது. ட்ரினா நீட்டிய மின்வயரில் மெஷினைச் செருகினோம். இருக்கைத் துணியில் பொறி விழாமல் நான் ஈரத் துண்டு போர்த்தினேன், லூமிர் தீயணைப்பானைப் பிடித்துக்கொண்டார். டெல்மருக்குக் கொடுக்க வேலை இல்லை. அதனால் அவர் கத்தினார்.

"மெதுவா! அமுக்காத! கோணத்த மாத்து!"

லவோன் மெஷினை நிறுத்தித் தலையை வெளியே நீட்டினாள். மூக்கு கறுத்திருந்தது. "டெல்மர், நீ இத ஒட்டினப்போ நான் பக்கத்துல நின்னு கத்தினேனா?"

"இல்ல."

"கத்திருக்கணும்." மெஷினை மறுபடி ஓட்டினாள்.

ஒன்றேகால் மணி நேரம். ஐந்து அறுப்புத் தட்டுகள் தேய்ந்தன. இருக்கை கடைசியில் விட்டுக்கொடுத்தபோது, லூமிர் அறுபட்ட வெல்டிங் துண்டைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தார்.

"வெல்டிங் என்னமோ நல்ல வெல்டிங்தான்," என்றார்.

டெல்மர் பெருமையில் சிவந்துபோனார். அறுவை சிகிச்சை நன்றாக நடந்தது என்று பின்னால் டாக்டர் சொன்னபோதுகூட அவர் அவ்வளவு மகிழவில்லை.

ஐந்து மணிக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது புது தண்டவாளம் பொருத்தி வண்டியை வெளியே விட்டார்கள். நான் முதலில் ஏறி, இருக்கையை முன்னும் பின்னும் பக்கவாட்டிலும் என் பலம் கொண்டமட்டும் உலுக்கினேன். அசையவில்லை. பிறகு லவோன் ஏறினாள். கொக்கியைத் தூக்கி முன்னால் இழுத்தாள். டக்கென்று பிடித்தது. முழு உள்ளங்காலையும் பிரேக்கில் வைத்து அழுத்திப் பார்த்தாள். தலையணைகளை ஒவ்வொன்றாக ஜன்னல் வழியே டெல்மரின் கைகளில் கொடுத்தாள். அவற்றைக் கட்டிப்பிடித்தபடி அவர் பக்கத்து இருக்கைக்கு ஏறினார். வீடுவரை அவள்தான் ஓட்டினாள்.

அறுவை சிகிச்சை முடிந்த இரண்டாம் நாள் நான் கையெழுத்துப் போட்டேன். பக்கத்து இருக்கையைக் கடைசிவரை பின்தள்ளி, மேலே ஒரு பிளாஸ்டிக் பையை விரித்து, டெல்மரை அதில் உட்காரவைத்து வழுக்கவைத்துத் திருப்பினோம். ஆறு வாரமும் அவர் ஓட்டுநருக்குச் சொன்ன யோசனைகளை எழுதினால் தனிப் புத்தகம் ஆகும். லவோன் ரேடியோவில் பன்றி விலை கேட்டுக்கொண்டே ஓட்டினாள். பன்றி அவர்களிடம் கிடையாது.

ஏழாவது வாரம் டாக்டர் வண்டி ஓட்ட அனுமதி கொடுத்தார். அதற்குள் லவோனுக்கு ஊரில் வேலைகள் முளைத்திருந்தன. தேவாலயத்துச் சமையல், தங்கை வீடு, என்னைப் பல் டாக்டரிடம் கூட்டிப்போவது. இப்போது காலை அவளுடையது, மதியத்துக்கு மேல் அவருடையது. அவசரமாக யாராவது காலையில் கூப்பிட்டால்தான் தகராறு. சாவியைப் பிடுங்கிக்கொண்டு ஓடி, பார்க்காமல் ஏறுகிறார். அந்த நீளமான முழங்கால்கள் இரண்டும் ஸ்டியரிங்குக்கு அடியில் போய் இடிக்கின்றன. அவர் போடுகிற சத்தம் சாலையைத் தாண்டி என் சமையலறைவரை கேட்கிறது.

"ஏறுறதுக்கு முன்னாடி சீட்ட பின்னால தள்ளு டெல்மர்," என்று லவோன் ஜன்னலிலிருந்து கத்துகிறாள். "இப்போதான் அது நகருதே!"