பெட்டியில் இல்லாத வசனம்

எங்கள் சாப்பாட்டு மேசையில் வாக்குத்தத்தப் பெட்டி ஒன்று உண்டு. வேத வசனங்கள் அச்சடித்த சின்னச் சின்ன அட்டைகள் அதற்குள் நெருக்கமாக நிற்கும். காலையில் கண்ணை மூடிக்கொண்டு ஒன்றை உருவினால், அன்றைக்குக் கர்த்தர் சொல்வது அதுதான். சபையில் பாதிப்பேர் வீட்டில் இந்தப் பழக்கம் உண்டு. ஜோசியக்காரனின் கிளியைக் கேலி செய்வோம். கிளியின் வேலையை நாங்களே பார்த்துக்கொள்வோம்.

பாயான் பாரு தொழிற்சாலையில் எங்கள் பகுதிக்குப் புதிதாக ஒரு சூப்பர்வைசர் வந்தார். இனிமையான பேச்சு. மழை பெய்த ஒரு மாலை, உங்கள் வீட்டுப் பக்கம், கெலுகோர் வழியாகத்தான் போகிறேன், ஏறுங்கள் என்றார். ஏறினேன். பிறகு மழை இல்லாத நாட்களிலும் ஏறினேன். எனக்குப் புருஷன் உண்டு, நல்லவர். அவரிடம் தொழிற்சாலை பஸ்ஸில் வருவதாகவே சொல்லிவந்தேன். ஆசை வெட்கம் அறியாது என்று சும்மாவா சொன்னார்கள்.

உள்ளுக்குள் பயம் இருந்தது. அட்டையை உருவும்போது மனதுக்குள் கேட்பேன்: ஆண்டவரே, இன்றைக்கு அந்தக் காரில் ஏறலாமா? பயப்படாதே என்று வரும். மறுநாள், நான் உன்னோடு கூடவே இருக்கிறேன் என்று வரும். நானும் பவுடர் போட்டுக்கொண்டு நிம்மதியாகக் கிளம்புவேன். வாக்குத்தத்தப் பெட்டியில் ஆசீர்வாதத்தை மட்டும்தான் போடுவார்கள், 'வேண்டாம்' என்று சொல்லும் அட்டை ஒன்றுகூட இருக்காது என்பது இந்த மரமண்டைக்கு உறைக்கவில்லை. ஆண்டவரைச் சோதிக்கப் பிசாசும் வனாந்தரத்தில் வேத வசனத்தோடுதான் வந்தான் என்று ஞாயிறு பள்ளியில் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தவள் வேறு நான்.

ஒரு வெள்ளிக்கிழமை கார் கெலுகோர் திருப்பத்தைத் தாண்டிப் போனது. அவர் ரேடியோவை நிறுத்தினார்.

"ஒரு எடத்துக்குப் போலாம் லா. சீக்கிரம் வந்துரலாம்."

போவதற்கு எனக்கும் பிடித்திருந்ததுதான் பயமாக இருந்தது. கையில் அட்டை எதுவும் இல்லை. சிறுவயதில் பரிசுக்காக மனப்பாடம் செய்த வேதப் பகுதி ஒன்று தானாக நினைவில் வந்தது. எகிப்தில் எஜமானின் மனைவி பிடித்திழுத்தபோது, மேலாடையை அவள் கையிலேயே விட்டுவிட்டு வெளியே ஓடினவனின் கதை. அவன் நின்று வாதாடவில்லை, ஓடினான். டிராபிக் லைட்டில் கார் நின்றதும் கதவைத் திறந்து இறங்கி ஓடினேன். ஸ்தோத்திரம் சொல்லிக்கொண்டே வீடு வந்து சேர்ந்தேன். அப்போதே புருஷனிடம் சொல்லியிருக்க வேண்டும். முடிந்த கதைதானே என்று விட்டுவிட்டேன்.

மறுநாள் காலை புருஷன் வெளியிலிருந்து ஒரு பையைக் கொண்டுவந்தார். உள்ளே என் ஸ்வெட்டர். ஏர்கான் குளிருக்கு வேலையில் போட்டுக்கொள்ள அவர் வாங்கித் தந்தது. காரில் விட்டிருக்கிறேன். யாரோ அதை அழகாக மடித்து வைத்திருந்தார்கள்.

"உன்னோடது தானே? கேட்ல யாரோ மாட்டிட்டுப் போயிருக்காங்க."

ஓடியது வரைக்கும்தான் எனக்கு மனப்பாடம். விட்டுப்போன அந்த மேலாடையைப் தன் புருஷனிடம் காட்டித்தான் அந்த எஜமானின் மனைவி ஓடினவனைச் சிறைக்கு அனுப்பினாள். கதையில் ஓடியதற்குப் பிறகு வருவது அதுதான். அவனாவது குற்றமில்லாதவன். நான் அப்படியும் இல்லை.

பஸ்ஸில் மறந்துவிட்டேன் என்ற பொய் நாக்கு நுனியில் இருந்தது. மேசையில் பெட்டி இருந்தது. அதை நான் தொடவில்லை.

"உக்காருங்க," என்றேன். "நான் பஸ்ல வரலிங்க. ரொம்ப நாளாவே."

அவர் உட்காரவில்லை. ஸ்வெட்டரை மெல்ல மூக்கருகே கொண்டுபோனார். அந்தக் காரின் சென்ட் வாசனை எனக்கே எட்டியது.